முகம் ஏன் வாடியிருக்கிறது?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, கனவைப் பற்றியவை. ராயபுரம், மண்ணடி, காசிமேடு, தண்டையார்பேட்டை. எழுதிய நான்கு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் பேசிவைத்துக்கொண்டு எழுதியதுபோல எல்லாம் யோசேப்பிடமே வந்து நின்றன. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். யோசேப்பு கதை வந்தால் பலவண்ண அங்கி, அண்ணன்களின் பொறாமை, கடைசியில் எகிப்தில் ராஜமரியாதை என்று சொல்லி முடித்துவிடுவேன். போன வாரம் ஒரு பையன், "டீச்சர், கனவுக்கு அர்த்தம் சொல்ல அவருக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டான். என்னிடம் பதில் இல்லை. யூத ஞானிகள் இவரைப் பற்றி ஆழமாகச் சொல்லியிருக்கிறார்களாமே?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி. நான் 31 வருடம் தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவன். ஆதியாகமத்தை எத்தனையோ முறை எழுத்தெழுத்தாக வாசித்திருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி வரவே இல்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பதினேழு வயது யோசேப்பு யாருடைய கனவுக்கும் அர்த்தம் சொல்லவில்லை. கனவு கண்டான், போய்ச் சொன்னான், அவ்வளவுதான். அண்ணன்களின் அரிக்கட்டுகள் அவனுடைய அரிக்கட்டை வணங்கியதற்கு அர்த்தம் சொன்னது அண்ணன்கள். சூரியனும் சந்திரனும் வணங்கியதற்கு அர்த்தம் சொன்னது அப்பா யாக்கோபு. அவன் முதன்முதலில் இன்னொருவர் கனவுக்கு அர்த்தம் சொல்வது எகிப்தின் சிறையில். எகிப்தின் அரசன் பார்வோன் முன் நிற்கும்போது அவனுக்கு வயது 30. சிறையில் அர்த்தம் சொன்னது அதற்கு இரண்டு வருடம் முன்னால், அப்போது வயது 28. ஆக, கனவு கண்ட பையன் கனவை விளக்குகிற மனிதனாக மாறியது 17க்கும் 28க்கும் நடுவில். யூத ஞானிகளின் வாசிப்பில் எனக்குப் பிடித்ததெல்லாம் இந்தப் பதினோரு வருடத்தில்தான் இருக்கிறது.

அவர்கள் அவனைச் சின்ன வயதிலேயே மகானாக்கிவிடவில்லை. தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொள்வான், கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வான் என்று மித்ராஷ், அதாவது வேதத்துக்கு யூத ஞானிகள் தந்த பழைய விளக்கவுரை, சொல்கிறது. அழகான பையன், தன் அழகு தெரிந்த பையன். அண்ணன்களைத் தேடிப் போகிறவன் வயல்வெளியில் வழி தவறி அலைகிறான். அங்கே ஒரு மனிதன், "என்ன தேடுகிறாய்?" என்று கேட்கிறான். அந்த மனிதன் கபிரியேல் தூதன் என்கிறார் ராஷி, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெரிய உரையாசிரியர். யோசேப்பின் பதில், "என் சகோதரரைத் தேடுகிறேன்." அந்த நேரத்தில் அவன் சொன்னது வெறும் வழி விசாரிப்பு. ஆனால் அவனுடைய மீதி ஆயுள் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் குழி. "குழி வெறுமையாயிருந்தது, அதில் தண்ணீர் இல்லை" என்று வேதம் சொல்கிறது. வெறுமை என்றாலே தண்ணீர் இல்லை என்பது தெரியுமே, எதற்கு இரண்டு தடவை? யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த பழைய பெருநூலான தால்மூத் கேட்கிறது, தானே பதிலும் சொல்கிறது: தண்ணீர்தான் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன. குழிக்கு எபிரேயத்தில் 'போர்' என்று பெயர். நாம் தமிழில் வாசிக்கும்போது முதலில் குழி, பிறகு சிறை என்று இரண்டு தனி இடமாகத் தோன்றும். எபிரேய மூலத்தில் யோசேப்பு தன் சிறையையும் 'போர்' என்றே சொல்கிறான். பார்வோனின் ஆட்கள் அவனை அவசரமாக வெளியே கொண்டுவருவதும் ஒரு 'போர்'-இலிருந்துதான். நம் தெருவில் 'போர் போட்டிருக்கோம்' என்று சொல்வது ஆங்கிலத்திலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தண்ணீர் இல்லாத போர் என்றால் என்னவென்று வடசென்னைக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது யூதர்களின் மறைஞான மரபான கபாலாவுக்கு வருவோம். அதன் தலையாய நூல் சோஹார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்தது, பெரும்பகுதி அரமேய மொழியில். 2ஆம் நூற்றாண்டின் ராபி (யூத குரு) ஷிமோன் பார் யோகாய் அருளியது என்பது மரபு. இறைவனின் ஒளி பத்து நிலைகளாக இறங்கி இந்த உலகத்துக்கு வருகிறது என்பது அந்த வழியின் அடிப்படை. கீழே இருக்கும் ஏழு நிலைகளுக்கும் ஏழு முன்னோரைச் சொல்வார்கள். ஆபிரகாம் அன்புக்கு, ஈசாக்கு கண்டிப்புக்கு, யாக்கோபு இரண்டும் இணைந்த அழகுக்கு. அந்த வரிசையில் யோசேப்புக்கு உரியது ஒன்பதாவது நிலை, 'யெசோத்', அதாவது அஸ்திவாரம். 'நீதிமானே உலகின் அஸ்திவாரம்' என்று நீதிமொழிகள் 10:25ஐ வாசித்து, நீதிமான் என்ற பட்டத்தையும் யோசேப்புக்கே கொடுத்தார்கள்.

அஸ்திவாரம் என்றால் நமக்குக் கருங்கல் ஞாபகம் வரும். அவர்கள் சொல்லும் யெசோத் ஒரு வழி, ஒரு குழாய். மேலே இருக்கும் எட்டு நிலைகளின் அருளும் அதற்குள் வந்து சேர்கிறது, அதன் வழியாகவே கீழே இறங்குகிறது. தனக்கென்று அது எதையும் நிறுத்தி வைத்துக்கொள்வதில்லை. எகிப்தின் தானியமெல்லாம் யோசேப்பின் கையில் சேர்ந்ததும், பஞ்சத்தில் அவன் கையாலேயே எல்லாருக்கும் போனதும் அவர்களுக்கு வெறும் நிர்வாகத் திறமையாகத் தெரியவில்லை. குழாய் திறந்துகொண்டதாகத் தெரிந்தது.

எங்கள் வீடு அப்போது புதுவண்ணாரப்பேட்டையில். நடையில் ஓர் அடிபம்பு. விடியற்காலை நாலு மணிக்கு லைனில் தண்ணீர் வரும். ஆனால் இரவெல்லாம் காய்ந்துகிடந்த பம்பில் சும்மா அடித்தால் வெறும் காற்றுதான், கிறீச் கிறீச்சென்று சத்தம் மட்டும் வரும். உள்ளே இருக்கும் தோல் வாஷர் நனைந்து உப்ப வேண்டும். அதற்கு மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் அம்மா முந்தின இரவே பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்துப் பம்பின் பக்கத்தில் தட்டு போட்டு மூடி வைத்துவிடுவார். எவ்வளவு தாகமானாலும் அந்தச் சொம்பை நாங்கள் யாரும் தொடக் கூடாது. மே மாதத்தில் ஒருமுறை என் தம்பி அதை எடுத்துக் குடித்துவிட்டான். அன்று பக்கத்து வீட்டில் போய் ஒரு சொம்பு வாங்கி வருவதற்குள் லைனில் தண்ணீர் நின்றுவிட்டது.

சோஹாரில் 'கீழிருந்து எழும் விழிப்பு' என்று ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. கீழே ஓர் அசைவு இருந்தால்தான் மேலிருந்து அருள் அசையும். அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தப் பித்தளைச் சொம்புதான் கண்முன் வந்தது.

யோசேப்பு ஊற்றிய சொம்பு எது? ஆதியாகமம் 40ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். பார்வோனின் பானபாத்திரக்காரனும் ரொட்டி சுடுகிறவனும் அவனோடு சிறையில் இருக்கிறார்கள். காலையில் யோசேப்பு உள்ளே போகிறான், இரண்டு பேரையும் பார்க்கிறான், கேட்கிறான்: "இன்றைக்கு உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது?"

தங்கச்சி, இந்த இடத்தில் பிள்ளைகளோடு கொஞ்சம் நின்று போங்கள். வீட்டை இழந்தவன், அண்ணன்களால் விற்கப்பட்டவன், செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடப்பவன். சிறையில் முகம் வாடியிருப்பது ஒரு செய்தியே இல்லை, எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும். அதிலும் 'இன்றைக்கு' என்கிறான். அப்படியென்றால் நேற்றைய முகமும் அவனுக்கு நினைவிருக்கிறது. வீட்டில் இருந்த காலத்தில் அண்ணன்களின் முகம் கறுத்ததை இதே பையன் பார்க்கவில்லை. முதல் கனவைச் சொல்லி அவர்கள் வெறுத்த பிறகும் இரண்டாம் கனவைக் கொண்டுபோய் அவர்களிடமே சொன்னான். அதே கண்கள் இப்போது இரண்டு அந்நியரின் முகத்தைப் படிக்கின்றன. கனவைப் படிப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

இது என் வாசிப்பு, எந்த ராபியின் தலையிலும் கட்ட மாட்டேன். ஆனால் பையனின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். முகம் பார்க்கக் கற்றுக்கொண்டான், கனவு பார்ப்பது கூடவே வந்தது.

அதன் பிறகு வேகமாக நடக்கிறது. "உனக்குக் கனவின் அர்த்தம் தெரியுமாமே" என்று பார்வோன் கேட்க, யோசேப்பு சொல்லும் முதல் வார்த்தை எபிரேயத்தில் 'பில்'அதாய்'. 'நான் அல்ல' என்று பொருள். முதல் இரண்டு கனவிலும் நடுநாயகமாக நின்றவன், ராஜாவின் முன்னால் தன்னை ஒதுக்கிக்கொண்டு பேசத் தொடங்குகிறான். குழாய்க்கு அதைவிட நல்ல வார்த்தை வேறென்ன இருக்கிறது?

கபாலா வழியில் பின்னால் வந்த யூத பக்தி இயக்கத்தாரான ஹசிதிய ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். அவர்களுக்கு முன்னால், 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் வாழ்ந்த இட்ஸ்ஹாக் லூரியா, படைப்பின் தொடக்கத்தில் ஒளியைத் தாங்கிய பாத்திரங்கள் உடைந்து பொறிகள் எங்கும் சிதறின என்று சொன்னார். அந்தப் பொறிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது மனிதனின் வேலை. அரிக்கட்டு கட்டும் கனவை இந்தக் கண்ணோடு பாருங்கள். வயலில் தனித்தனியாகக் கிடக்கும் கதிர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதுதானே அது. எகிப்துக்கு இறங்கியதும் அதற்காகவே. ஏறுவதற்காகவே இறங்குதல் என்று அந்த மரபில் ஒரு வழக்கே உண்டு.

கடைசியாக ஒரு எழுத்து. 81ஆம் சங்கீதத்தில் மட்டும் யோசேப்பின் பெயர் 'யெஹோசேப்' என்று ஓர் எழுத்து கூடி வருகிறது. மெய்ப்பு பார்க்கிறவன் கண்ணுக்கு அது அச்சுப்பிழை, உடனே கோடு போடத் தோன்றும். தால்மூத் அதை வேறுவிதமாக வாசிக்கிறது. பார்வோனின் அரசவைக்குப் போகும் முன் எழுபது மொழிகளையும் கற்றுக்கொடுக்கக் கபிரியேல் வந்தார். யோசேப்பால் முடியவில்லை. இறைவனின் திருப்பெயரிலிருந்து 'ஹே' என்ற எழுத்தை எடுத்து அவன் பெயரில் சேர்த்தார், உடனே கற்றுக்கொண்டான். இதைப் படித்த நாளிலிருந்து மிகையாகத் தெரிகிற எழுத்தை அடிப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பேன்.

யூதர் நமக்கு ரொம்ப தூரத்து மனிதர் என்று பிள்ளைகள் நினைத்தால் பவழக்காரத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக்கடல் பவழத்தை இங்கே கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை லண்டனுக்கு அனுப்பிய யூத வணிகர்கள் ஜார்ஜ் டவுனில் இருந்தார்கள். பக்கத்திலேயே அவர்களுக்கு ஓர் இடுகாடும் இருந்தது.

கேள்வி: எங்கள் வீட்டில் யூசுஃப் நபியின் கதையைப் பெரியவர்கள் ராத்திரியில் சொல்வார்கள். அதே கதைதானா, வேறா?
– ஒரு வாசகர், மண்ணடி

பதில்: அதே மனிதர்தான் பாய். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் முழுக்க அவர் பெயரில்தான் இருக்கிறது, 111 வசனம். அதில் மகன் கனவைச் சொன்னதுமே யஃகூப் நபி, "உன் சகோதரர்களிடம் இதைச் சொல்லாதே" என்று தடுக்கிறார். சோஹாரிலும் அதே கவலை இருக்கிறது. உன்னை நேசிக்காதவரிடம் கனவைச் சொல்லாதே, யோசேப்பு அண்ணன்களிடம் சொன்னதால்தான் அது நிறைவேற 22 வருடம் தள்ளிப்போனது என்கிறது. கணக்கு சரியாகவே வரும்: 17லிருந்து 30 வரை 13, செழிப்பான வருடம் 7, பஞ்சத்தில் 2. வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபோது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கதை புத்தகத்தில் இருக்கும், அவர்கள் சொல்லும் விதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கேள்வி: நான் போட் இன்ஜின் மெக்கானிக். கூட வேலை பார்த்தவனுக்குப் பணம் புரட்டிக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன். போனதும் என்னையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். இரண்டு வருடமாகப் போனை எடுக்கவில்லை. யோசேப்பை மறந்த பானபாத்திரக்காரன் மாதிரிதான். இப்போது ஒரு பையனுக்கு வேலை சொல்லித் தருகிறேன். இவனும் மறக்கத்தானே போகிறான், நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, அந்த வசனத்தில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கும். "யோசேப்பை நினைக்கவில்லை, அவனை மறந்துவிட்டான்." மறக்கப்பட்டவனுக்கு அது இரண்டு அடியாகத்தான் விழும்.

பழைய உரைகள் இதில் யோசேப்பையே குறை சொல்கின்றன. 'என்னை நினை', 'என்னைப் பற்றிச் சொல்' என்று இரண்டு முறை மனிதனை நம்பிக் கேட்டதால் இரண்டு வருடம் கூடுதல் சிறையாம். இந்த விளக்கம் எனக்கு ஒத்துவரவே இல்லை. சிறையில் இருப்பவன் வெளியே போகிறவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? நான் செய்யாத ஒரு பிழைக்காக என்னையும் ஒரு முறை வேலையை விட்டு நிறுத்தினார்கள். உண்மை தெரிந்த ஒருவர் "முதலாளியிடம் நான் சொல்கிறேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். சொல்லவில்லை. பதினாலு மாதம் நான் தினமும் அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் இதைப் பாருங்கள். பானபாத்திரக்காரனுக்கு அர்த்தம் சொன்ன கையோடு "என்னை நினைத்துக்கொள்" என்று கேட்டவன், இரண்டு வருடம் கழித்துப் பார்வோன் முன்னால் சவரம் செய்து, உடை மாற்றி நிற்கிறான். கனவை முழுக்க விளக்குகிறான். பஞ்சத்துக்கு வழியும் சொல்கிறான். என்னை விடுதலை செய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்வோனின் கனவு வரும் பகுதிக்கு, "இருளுக்கு ஒரு முடிவு வைத்தார்" என்ற யோபுவின் வரியை மித்ராஷ் முன்னுரையாக வைக்கிறது. முடிவு பானபாத்திரக்காரன் கையில் இல்லை. அவனுக்கு ஞாபகம் வந்ததே பார்வோனுக்குத் தூக்கம் கெட்ட பிறகுதான்.

வெளிநாடு போனவனுக்கு இன்னொரு முறை போன் போடுங்கள், கூச்சப்பட வேண்டாம். பையனுக்குச் சொல்லித் தருவதை நிறுத்தாதீர்கள். இன்ஜெக்டர் கழற்றி மாட்டுவது வரை வந்துவிட்டான் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் உங்கள் கையெழுத்தே வேறு மாதிரி இருக்கிறது.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஒரு மாதமாக ஒரே கனவு. படகு திரும்பி வருகிறது, அதில் ஆளே இல்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே. மாமியாரிடம் சொல்ல பயமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று தால்மூத்திலும் இருக்கிறது. உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அதே இடத்தில் இருக்கும் மற்றதையும் கேளுங்கள். வைக்கோல் இல்லாமல் கோதுமை இல்லை, வீண் இல்லாமல் கனவு இல்லை என்கிறார்கள். அதற்குச் சாட்சி யோசேப்பேதான். சந்திரன் அவன் தாய் என்றால், கனவு கண்ட நேரத்தில் ராகேல் உயிரோடே இல்லை. எவ்வளவு பெரிய கனவிலும் நடக்காத ஒரு பகுதி உண்டு.

இன்னொன்று, கனவு வாயைப் பின்தொடரும் என்கிறார்கள். சொல்கிற வாய் எப்படியோ அப்படி. பிரித்துப் படிக்காத கடிதம் போன்றது விளக்கம் பெறாத கனவு என்றும் சொல்கிறார்கள். அதனால் உள்ளுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். பயப்படுகிறவரிடமும் பயமுறுத்துகிறவரிடமும் மட்டும் பிரிக்காதீர்கள்.

கனவு கண்டு மனம் கலங்கியவருக்கு அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் முன்னால் போய் உட்கார வேண்டும். "நான் ஒரு நல்ல கனவு கண்டேன்" என்று சொல்ல வேண்டும். கலங்க வைத்த கனவுதான், ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும், "நல்லதுதான் அது, நல்லதாகவே இருக்கட்டும், கருணையுள்ளவர் அதை நல்லதாக்கட்டும்" என்று சொல்வார்கள். வானத்திலிருந்து ஏழு முறை அது நல்லதென்று தீர்ப்பாகட்டும் என்றும் சொல்வார்கள்.

கடலுக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட் எடுத்துப் போகிறாரா, வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். கனவு வராவிட்டாலும் கேட்க வேண்டியதுதான்.

அப்புறம், மூன்று பேருக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், என் மனைவியும் இருப்பாள், எதிர்வீட்டு அக்காவை நான் கூப்பிட்டு வைக்கிறேன். பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் முகவரி தருவார்கள். டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வாருங்கள்.